திறமை இருக்கு... சீட் எங்கே?



இந்தப் பக்கத்துல வழக்கமா நீங்க படிக்கிறது கூட்ட அறிவிப்பு, அறிக்கை, பதிலடி. இன்னிக்கு கொஞ்சம் வேற விஷயம். நீளமான பதிவுதான். பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

கட்சிக்காரங்க நமக்கு 'சீட்'னா என்னன்னு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபது வருஷம் போஸ்டர் ஒட்டினவருக்குக் கிடைக்காம, நேத்து வந்தவருக்குக் கிடைச்சா டீக்கடையில எவ்வளவு நேரம் பேசுவோம்! அதே வார்த்தை கார் ரேஸ்லயும் இருக்கு. அங்கயும் 'சீட்'னுதான் சொல்றாங்க. அங்க நிலைமை நம்மளைவிட மோசம். பணம் கொண்டு வந்து சீட் வாங்குறது அங்க ரகசியமே கிடையாது. அப்படி வர்றவங்களுக்கு 'பே டிரைவர்'னு பேரே வெச்சிருக்காங்க.

இந்தப் பதிவு அந்த சீட்டைப் பத்தினது. நம்ம கோவை, சூலூர், பல்லடம், பொள்ளாச்சிப் பசங்க வீட்டு ரூம்ல ஸ்டீயரிங்கை மாட்டிக்கிட்டு ராத்திரி ஒரு மணிக்கு கார் ஓட்டுறாங்களே, 'சிம் ரேசிங்', அதைப் பத்தினது.

"வேலை வெட்டி இல்லாதவன் விளையாட்டு"ன்னு நினைக்கிறீங்களா? இருங்க, ஒரு நிமிஷம்.

*முதல்ல நம்ம ஊர்க் கதை*

கோயமுத்தூர்க்காரங்களுக்கு வண்டி மேல இருக்கிற ஆசை புதுசு இல்லை. ஜி.டி. நாயுடு 1920-ல ஒரே ஒரு பஸ்ஸை வெச்சு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல ஓட்ட ஆரம்பிச்சார். 1937-ல இந்தியாவிலேயே உருவான முதல் மின் மோட்டார் நம்ம ஊர்ல வந்தப்போ, அதுக்குப் பின்னாடி அவரும் இருந்தார், பாலசுந்தரம் நாயுடுவும் இருந்தார். "வெளிநாட்டுக்காரன் செஞ்சா நாமளும் செய்யலாம்"ங்கிற அந்தத் திமிர்தான் இந்த ஊரோட மூலதனம்.

அதே திமிரோட வந்தவர் எஸ். கரிவரதன். மில் குடும்பத்துப் பிள்ளை. அவர் நினைச்சிருந்தா வெளிநாட்டுக் காரை இறக்கிக்கிட்டு தான் மட்டும் ஓட்டிட்டுப் போயிருக்கலாம். ஆனா அவர் செஞ்சது வேற. மாருதி கார் இன்ஜினைப் போட்டு 'ஃபார்முலா மாருதி'ன்னு ஒரு ஒற்றை இருக்கை ரேஸ் காரை 1980-களோட கடைசியில உருவாக்கினார். இந்தியாவுல ஒரு தலைமுறை டிரைவர்கள் அதுல உட்கார்ந்துதான் ரேஸ் கத்துக்கிட்டாங்க. ஒரு வரியில சொல்லணும்னா, அவர் சீட்டோட விலையைக் குறைச்சார். 1995-ல விமான விபத்துல இறந்துட்டார். செட்டிபாளையத்துல 2003-ல வந்த ரேஸ் டிராக்குக்கு அவர் பேர்தான், 'கரி மோட்டார் ஸ்பீட்வே'.

அப்புறம் நரேன் கார்த்திகேயன். 2005-ல ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டின முதல் இந்தியர். அந்த வருஷம் அமெரிக்க கிராண்ட் பிரீயில டயர் பிரச்சினையால 14 கார்கள் ரேஸுக்கு முன்னாடியே ஒதுங்கிடுச்சு. மிச்சம் ஓடின ஆறு கார்ல நரேன் நாலாவதா வந்து 5 பாயிண்ட் எடுத்தார். அதை "ஆறுல நாலாவது"ன்னு கிண்டல் பண்றவங்களும் இருக்காங்க. அந்த ஆறுல ஒண்ணா நிக்கிறதுக்கு முன்னாடி எத்தனை வருஷம், எத்தனை நாடு, எத்தனை ஸ்பான்சர் வாசல்னு அவங்க யோசிக்கிறதில்லை.

ஆனா ஒரு உண்மையையும் பேசணும். நரேனோட அப்பா ஜி.ஆர். கார்த்திகேயனே ராலி சாம்பியன். வீட்டுலயே ரேஸ் தெரிஞ்சவங்க இருந்தாங்க. நரேனோட திறமையைக் குறைச்சுச் சொல்லலை. அதே அளவு திறமை கணபதியில ஒரு லேத் பட்டறைக்காரர் மகனுக்கு இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? யாருக்கும் தெரிஞ்சே இருக்காது. அவன் கையில ஸ்டீயரிங் வந்திருக்காது. சின்ன வயசு கோ-கார்ட் சீசன் ஒண்ணுக்கே லட்சக்கணக்குல செலவு. ஐரோப்பாவுக்குப் போய் ஃபார்முலா 3, ஃபார்முலா 2 ஓட்டணும்னா கோடிக்கணக்குல.

செட்டிபாளையம் டிராக்கோட சத்தம் கேக்குற தூரத்துல இருக்கிற வீட்டுப் பையனுக்கும் அந்த டிராக்குக்கும் நடுவுல இருக்கிற தூரம் கிலோமீட்டர்ல இல்லை தோழர்களே, ரூபாயில இருக்கு.

*சிம் ரேசிங்னா என்ன?*

செல்போன்ல கட்டைவிரலால ஓட்டுற கார் கேம் இல்லை இது. அதை மொதல்ல மனசுல இருந்து அழிச்சிடுங்க.

நிஜ டிராக்கை லேசர் வெச்சு ஸ்கேன் பண்ணி, ரோட்டுல இருக்கிற மேடு பள்ளம் வரைக்கும் கம்ப்யூட்டருக்குள்ள கொண்டு வர்றாங்க. டயர் சூடேறினா பிடிப்பு எப்படி மாறும், பெட்ரோல் குறைஞ்சா காரோட எடை எப்படி மாறும், எல்லாமே கணக்கு. ஐரேசிங், அசெட்டோ கோர்சா மாதிரி மென்பொருள்கள் இந்த வேலையைத்தான் செய்யுது.

ஸ்டீயரிங்ல ஒரு மோட்டார் இருக்கும். முன் டயர் பிடிப்பை விட்டா ஸ்டீயரிங் லேசாகும். கார் பின்னாடி வழுக்கினா கையை இழுக்கும். நிஜ கார்ல இதை உடம்பே சொல்லிடும். சீட்டுல உட்கார்ந்திருக்கிறவனோட இடுப்புக்குத் தெரியும். சிம்ல அந்த வசதி கிடையாது. கையும் காதும் கண்ணும்தான். நல்ல செட்டப்ல பிரேக் பெடலுக்குள்ள 'லோட் செல்' இருக்கும். எவ்வளவு தூரம் மிதிச்சோம்கிறது அதுக்குக் கணக்கில்லை, எவ்வளவு அழுத்தம் கொடுத்தோம்கிறதுதான் கணக்கு. வளைவுக்குள்ள நுழையும்போது அந்த அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா விடணும். கொஞ்சம் சீக்கிரம் விட்டா கார் வெளியே போகும், லேட்டா விட்டா சுத்திடும். ஒரே வளைவை முந்நூறு தடவை பழகணும், ஒரு விநாடியில பத்துல ஒரு பங்கு மிச்சம் பிடிக்க.

ஐரேசிங்ல எடுத்த உடனே பெரிய ரேஸ் ஓட்ட விடமாட்டாங்க. 'ரூக்கி' லைசென்ஸ்ல ஆரம்பிச்சு டி, சி, பி, ஏன்னு மேல ஏறணும். அடுத்தவன் மேல மோதினா பாதுகாப்பு மதிப்பெண் குறையும். வேகமா ஓட்டத் தெரிஞ்சும் ஒழுங்கா ஓட்டத் தெரியாதவன் அங்கயே நிப்பான். நம்ம பைபாஸ்ல ராத்திரி பைக் ரேஸ் ஓட்டி, காலையில வீட்டுல அழுகைச் சத்தம் கேக்க வைக்கிறவங்களுக்கு இந்த ஒரு பாடமே போதும். சிம்ல மோதினா ஒரு பட்டனை அழுத்தினா கார் திரும்ப வந்துடும். ரோட்டுல அந்த பட்டன் இல்லை.

*சீட் கிடைச்சவங்க*

"சரிப்பா, இதை ஓட்டி யாராவது முன்னுக்கு வந்திருக்காங்களா?" நியாயமான கேள்வி.

நெதர்லாந்துக்காரர் ரூடி வான் பியூரன். சின்ன வயசுல கோ-கார்ட் ஓட்டினவர். காசு பத்தலை, விட்டுட்டார். அப்புறம் சேல்ஸ் மேனேஜர் வேலை, குடும்பம். நம்ம ஊர்ல ஆயிரம் பேர் கதை இதேதான். 2017-ல மெக்லாரன் ஒரு போட்டி வெச்சாங்க. முப்பதாயிரத்துக்கும் மேல கலந்துக்கிட்டாங்க. ரூடி ஜெயிச்சார். பரிசு பணம் இல்லை, வேலை. ஃபார்முலா ஒன் அணியோட சிமுலேட்டர் டிரைவர் வேலை. பின்னாடி ரெட் புல் அணிக்கும் அதே வேலை பார்த்தார். காசில்லாம பாதியில விட்ட ஆளை வீட்டு ஸ்டீயரிங் திரும்ப உள்ள கூட்டிட்டுப் போச்சு.

பிரிட்டன்காரர் ஜான் மார்டன்பரோ. 2011-ல நிசானும் பிளேஸ்டேஷனும் நடத்தின 'ஜிடி அகாடமி' போட்டியில ஜெயிச்சார். ரெண்டே வருஷத்துல, 2013-ல, லே மான்ஸ் 24 மணி நேர ரேஸ்ல தன் பிரிவுல மூணாவது இடம். 2023-ல வந்த 'கிரான் டூரிஸ்மோ' படம் அவர் கதைதான். அந்தப் படத்தைப் பார்த்துட்டு விசில் அடிச்ச நம்ம பசங்க நிறைய பேர். ஆனா அதே மார்டன்பரோவோட கார் 2015-ல ஜெர்மனியில பறந்து விழுந்தப்போ பார்வையாளர் ஒருத்தர் உயிர் போச்சு. நிஜ டிராக்குக்குப் போனா நிஜமான விலையும் உண்டுங்கிறதையும் மறக்க வேண்டாம்.

ஜேம்ஸ் பால்ட்வின். 2019-ல உலகின் வேகமான கேமர் போட்டியில ஜெயிச்சவர். 2020-ல பிரிட்டிஷ் ஜிடி தொடர்ல தன்னோட முதல் ரேஸையே ஜெயிச்சார்.

இப்ப நடந்ததைச் சொல்றேன். 2025 செப்டம்பர்ல மேக்ஸ் வெர்ஸ்டப்பன் ஜெர்மனியோட நர்பர்க்ரிங்ல ஃபெராரி ஓட்டி ஜெயிச்சாரே, அதே கார்ல அவரோட மாறி மாறி ஓட்டினவர் யார் தெரியுமா? கிறிஸ் லூலம். சிம் ரேசிங்ல இருந்து வந்தவர். உலக சாம்பியன் தன் காரை நம்பி ஒப்படைச்சது ஒரு 'கேமர்' கையில.

கவனிச்சுப் பாருங்க. இவங்க எல்லாருக்கும் நடந்தது ஒண்ணுதான். திறமையை முதல்ல பார்த்தாங்க, அப்புறம் சீட் கொடுத்தாங்க. வழக்கமா ரேஸ் உலகத்துல இது தலைகீழா நடக்கும்.

*என் நண்பன்*

இப்ப சொந்தக் கதை. பேர் போடலை, அவனுக்குப் பிடிக்காது.

நானும் அவனும் ஒரே காலேஜ், மெக்கானிக்கல். மாணவர்களே ரேஸ் கார் செஞ்சு கொண்டு வர்ற 'ஃபார்முலா பாரத்' போட்டிக்காக கரி டிராக்குக்குப் போன டீம்ல ரெண்டு பேரும் இருந்தோம். நான் சஸ்பென்ஷன் கணக்கு. அவன் எல்லாத்தையும் விட்டுட்டு அடுத்த டீம் டிரைவர் எங்க பிரேக் போடறான்னே பார்த்துட்டு நின்னான்.

சூலூர் பக்கம் வீடு. அப்பா கூலிக்குத் தறி ஓட்டுறவர். காலேஜ் முடிஞ்ச வருஷம் பகுதி நேரமா டிசைன் வேலை பார்த்து, சேத்து வெச்ச காசுல பழைய லாஜிடெக் ஜி29 ஸ்டீயரிங் ஒண்ணு வாங்கினான். மாட்டுறதுக்கு ஃப்ரேம்? பழைய இரும்புக் கட்டிலை அறுத்து, தெரிஞ்ச பட்டறையில வெல்டிங் வெச்சான். உட்கார சீட்? உக்கடத்துல பழைய இரும்புக் கடையில கிடந்த ஆம்னி வேனோட சீட். 600 ரூபாய். அவனுக்குக் கிடைச்ச முதல் ரேஸ் சீட் அதுதான்.

பகல்ல ஓட்ட முடியாது. தறிச் சத்தத்துல டயர் சத்தம் கேக்காது. ராத்திரி தறி நின்னதும் ஆரம்பிப்பான். ஐரோப்பாவுல சாயங்காலம் எட்டு மணி ரேஸ்னா நமக்கு ராத்திரி பதினொன்றரை, குளிர்காலத்துல பன்னெண்டரை. காலையில கண்ணு செவந்து கிடக்கும்.

ஒரு நாள் அவங்க அம்மா என்னைத் தனியா கூப்பிட்டாங்க.

"ஏஞ்சாமி, ராத்திரி பூரா உட்கார்ந்திருக்கானே, காசு கட்டி ஆடறானா? நெசத்தைச் சொல்லு."

"இல்லீங்கம்மா, இதுல காசு கட்டி ஆடறதெல்லாம் இல்லீங்க."

"அப்ப காசு வருமா?"

அதுக்கு எனக்குப் பதில் தெரியலை.

அவன் ஓட்டினதை நான் பக்கத்துல உட்கார்ந்து பார்த்திருக்கேன். ஒரு தடவை ஒரு மணி நேர ரேஸ். ஸ்பெயின்காரன், ஜெர்மனிக்காரன், பிரேசில்காரன் நடுவுல நம்மாளு முதல் இடம். இன்னும் நாலு நிமிஷம். வோல்டேஜ் விழுந்துச்சு, பழைய யுபிஎஸ் கையை விரிச்சிடுச்சு, ஸ்கிரீன் கறுப்பாச்சு. அவன் ஒண்ணும் பேசலை. எந்திரிச்சு மொட்டை மாடிக்குப் போய்ட்டான்.

போன வருஷம் நூல் விலை ஏறி, கூலி ஆர்டர் குறைஞ்சு, தங்கச்சி காலேஜ் ஃபீஸ் கட்டுற நேரம் வந்தப்போ அவன் ஸ்டீயரிங்கை விக்கிறேன்னான். வெளியாள் கையில போகக் கூடாதுன்னு நானே வாங்கினேன், 18,000 ரூபாய்க்கு. அவன் இப்ப ஒரு கம்பெனியில ஷிப்ட் பார்த்து சிஎன்சி ஓட்டுறான்.

என் ரூம்ல அதை மாட்டி நானும் ஓட்டிப் பார்த்தேன். இத்தாலியோட மோன்சா டிராக். அவன் டைம் 1:47.6. நான் ஆறு மாசமா ஓட்டியும் 1:50-க்குக் கீழ வரலை. ஸ்டீயரிங் அதேதான், பெடல் அதேதான். என்கிட்ட காசு இருந்துச்சு, அவன்கிட்ட திறமை இருந்துச்சு. கடைசியில ஸ்டீயரிங் காசு இருந்தவன்கிட்ட வந்து சேர்ந்துச்சு. ரேஸ் உலகத்தோட மொத்தக் கதையும் எங்க ரெண்டு பேருக்கு நடுவுலயே நடந்து முடிஞ்சிடுச்சு தோழர்களே.

*ரம்மி வேற, ரேஸ் வேற*

அந்த அம்மா கேட்ட கேள்வியில தப்பே இல்லை. ஆன்லைன் ரம்மியில கடன்பட்டு உயிரை விட்ட குடும்பங்களை நம்ம மாவட்டங்கள்லயே பார்த்திருக்கோம். "ஆன்லைன் கேம்"னு கேட்டாலே பெத்தவங்களுக்கு வயிறு கலங்குது. ஆனா ரெண்டையும் ஒரே தராசுல வைக்கிறது அநியாயம். சட்டமே பிரிச்சுத்தான் பார்க்குது.

தமிழ்நாட்டுல இணையவழி சூதாட்டத் தடைச் சட்டம் 2022-ல நிறைவேறி, 2023 ஏப்ரல்ல நடைமுறைக்கு வந்துச்சு. அப்புறம் 2025-ல, காசு கட்டி ஆடுற ஆட்டங்களுக்கு ராத்திரி 12 மணியில இருந்து காலை 5 மணி வரைக்கும் தடைன்னு விதி வந்து, சென்னை உயர் நீதிமன்றமும் அது செல்லும்னு சொன்னுச்சு. அந்தத் தடை காசு ஆட்டத்துக்கு. பன்னெண்டரைக்கு ரேஸ் ஓட்டுற பையனுக்கு இல்லை.

2022 டிசம்பர்ல ஒன்றிய அரசு இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டுத் துறைக்குக் கீழ கொண்டு வந்துச்சு. 2025 ஆகஸ்ட்ல வந்த ஒன்றியச் சட்டம் காசு ஆட்டத்தை மொத்தமா தடை பண்ணுது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை முறையான போட்டி விளையாட்டுன்னு ஏத்துக்குது. போட்டியில சேர நுழைவுக் கட்டணம் இருக்கலாம், திறமைக்குப் பரிசுத் தொகை இருக்கலாம், பந்தயம் கட்டக் கூடாது. கோடு தெளிவா இருக்கு.

நம்ம தெருவுல யாராவது "கேம் ஆடியே கெட்டுப் போறான்"னு சொன்னா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "தோத்தா காசு போகுதுங்களா?" போகுதுன்னா உடனே தடுங்க. போகலைன்னா, அவன் என்ன பண்றான்னு பக்கத்துல உட்கார்ந்து பத்து நிமிஷம் பாருங்க.

*கசப்பான உண்மையும் சொல்லிடறேன்*

இதைப் படிச்சுட்டு எந்தத் தம்பியும் நாளைக்கே காலேஜை விட்டுட வேண்டாம். தயவு செய்து.

உலகத்துல சிம் ரேசிங்கை மட்டுமே நம்பி சம்பளம் வாங்குறவங்க ரொம்பக் கொஞ்சம் பேர். அணி சம்பளம், பரிசுத் தொகை, ஸ்பான்சர், அடுத்தவங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது, நேரலை வீடியோ... நாலைஞ்சு வழியில கொஞ்சம் கொஞ்சமா வர்றதைச் சேத்துத்தான் வருமானம். ஒப்பந்தம் ஒரு வருஷம்தான். அடுத்த வருஷம் பதினாறு வயசுப் பையன் ஒருத்தன் வந்து கால் விநாடி வேகமா ஓட்டிட்டா, கதை முடிஞ்சது. ஃபார்முலா ஒன் இ-ஸ்போர்ட்ஸோட முதல் ரெண்டு வருஷமும், 2017, 2018, ஜெயிச்சவர் ஒரே ஆள், பிரெண்டன் லீ. அதுக்கு அடுத்த வருஷமே சாம்பியன் வேற ஆள்.

அப்ப எதுக்கு இவ்வளவு பேசறேன்?

ஒரு டிரைவருக்குப் பின்னாடி இருக்கிற வேலைகளைப் பாருங்க. பிரேக், ஆக்சிலரேட்டர், ஸ்டீயரிங் எல்லாம் ஒவ்வொரு நொடியும் தரவா பதிவாகும். 'டெலிமெட்ரி'ன்னு பேர். அதைப் படிச்சு "மூணாவது வளைவுல சீக்கிரம் பிரேக் போடற"ன்னு சொல்ல ஒரு இன்ஜினியர் வேணும். டயரைக் கணக்கா எழுத ஒருத்தர் வேணும். இதே அறிவுதான் கார் கம்பெனிகளோட வடிவமைப்புப் பிரிவுக்கும் தேவை. புது வண்டியை ரோட்டுல இறக்குறதுக்கு முன்னாடி இன்னிக்கு சிமுலேட்டர்லதான் ஓட்டிப் பார்க்கிறாங்க.

இன்னொண்ணு. 'டைரக்ட் டிரைவ்' ஸ்டீயரிங்னு பெரிய பேர் சொல்லி, வெளிநாட்டுல இருந்து இறக்குமதி பண்ணி விக்கிறாங்களே, அதைப் பிரிச்சுப் பார்த்தா உள்ள என்ன இருக்கு? ஒரு சர்வோ மோட்டார், ஒரு கன்ட்ரோல் போர்டு, அலுமினிய உறை. முழு செட்டப் போட்டா செலவு லட்சத்தைத் தாண்டும். மோட்டாரும் பம்பும் கிரைண்டரும் செஞ்சு உலகத்துக்கு அனுப்புற ஊர் நாம. அலுமினியம் வார்க்க ஃபவுண்டரி இருக்கு, கடைய லேத் இருக்கு, புரோகிராம் எழுத ஆயிரக்கணக்குல இன்ஜினியரிங் பசங்க இருக்காங்க. 1937-ல மோட்டார் செஞ்ச ஊருக்கு இந்த மோட்டார் முடியாதா? கரிவரதன் சீட்டோட விலையைக் குறைச்ச மாதிரி, நாம ஸ்டீயரிங்கோட விலையைக் குறைக்க முடியாதா?

*நாம என்ன பண்ணலாம்?*

அரசுகிட்ட கேக்க வேண்டியது இருக்கு. பாலிடெக்னிக், ஐடிஐ, அரசு இன்ஜினியரிங் கல்லூரி ஒவ்வொண்ணுலயும் ரெண்டு சிமுலேட்டர் வைக்கணும். மாவட்ட அளவுல போட்டி நடத்தி, ஜெயிக்கிற பையனுக்கும் பொண்ணுக்கும் பரிசா கோப்பை கொடுக்காம, நிஜ டிராக்குல நிஜ கார்ல ஒரு நாள் கொடுக்கணும். சிம்ல ஆம்பளை பொம்பளைன்னு தனி வகுப்பு கிடையாது. ஸ்டாப்வாட்ச்சுக்கு ஜாதியும் தெரியாது, அப்பா பேரும் தெரியாது. இதை எந்த ஆட்சி செஞ்சாலும் நாம வரவேற்கணும், செய்யலைன்னா யாரா இருந்தாலும் கேக்கணும்.

ஆனா எல்லாத்துக்கும் அரசைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. நம்ம தாத்தா காலத்துக் கட்சிக்காரங்க என்ன பண்ணாங்க? ஊருக்கு ஊர் படிப்பகம் வெச்சாங்க. பேப்பர் வாங்கக் காசில்லாதவன் அங்க வந்து பேப்பர் படிச்சான். ஒருத்தர் சத்தமா படிக்க பத்துப் பேர் கேட்டாங்க. மூலையில ஒரு கேரம் போர்டு இருந்துச்சு. ஒருத்தனால வாங்க முடியாததை ஊரே சேர்ந்து வாங்கி எல்லாருக்கும் வெக்கிறதுதான் படிப்பகம்.

இன்னிக்கு அதே படிப்பகத்துல ஒரு மூலையில ஒரு ரிக் வைப்போம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்டீயரிங், ஒரு நல்ல யுபிஎஸ். ஒருத்தனுக்கு 45 நிமிஷம், நோட்டுல பேர் எழுதி வரிசையா. பத்தாவது, பன்னெண்டாவது பரீட்சை மாசத்துல பூட்டு. காசு ஆட்டம் எதுவும் அந்த கம்ப்யூட்டர்ல திறக்கக் கூடாது. மாசத்துக்கு ஒரு போட்டி. சுவத்துல ஒரு கரும்பலகை, அதுல ஊர்லயே வேகமான பத்து டைம். அவ்வளவுதான் திட்டம். அடுத்த பிறந்தநாள் விழாவுக்கு நாம போடுற ஃப்ளெக்ஸ்ல நாலு குறைச்சா பாதிச் செலவு வந்துடும். கோவிச்சுக்காதீங்க, உண்மையைத்தான் சொல்றேன்.

முதல் ஸ்டீயரிங்கை நானே கொடுக்கிறேன். அந்த ஜி29-ஐ. எங்க பகுதிப் படிப்பகத்துல பேசியாச்சு, இடம் கொடுக்கிறேன்னு சொல்லிட்டாங்க. கம்ப்யூட்டருக்கு ரெண்டு அண்ணனுங்க பொறுப்பு எடுத்திருக்காங்க. உங்க ஊர்ல இதே மாதிரி செய்யணும்னா உள்பெட்டியில செய்தி அனுப்புங்க. மாட்டுறது எப்படி, எந்த மென்பொருள், எவ்வளவு ஆகும்னு நானே வந்து செஞ்சு தர்றேன்.

கொடுக்கிறதுக்கு முன்னாடி அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணுச்சு. போன வாரம் போன் பண்ணினேன். விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. லைன் கட் ஆயிடுச்சோன்னு பார்த்தேன்.

அப்புறம் சொன்னான்: "பிரேக் பெடல் ஆட்டம் கொடுக்கும்டா. கீழ ரெண்டு போல்ட்டை நல்லா முடுக்கிடு."

சரின்னு வைக்கப் போனேன்.

"ஏன்டா, ராத்திரி எத்தனை மணி வரைக்கும் திறந்து வெப்பீங்க? எனக்கு ஷிப்ட் பத்து மணிக்குத்தான் முடியுது."

பத்தரைக்குத் திறந்திருக்கும்னு சொல்லிட்டேன். சாவி என்கிட்டதான் இருக்கு.

பிடிச்சிருந்தா பகிருங்க. பிடிக்கலைன்னாலும், வீட்டுல ஸ்டீயரிங் வெச்சு ஓட்டுற தம்பி தங்கச்சி யாராவது இருந்தா அவங்களுக்கு மட்டும் அனுப்புங்க.

– ஐடி விங் தன்னார்வலர், கோவை

#திறமைக்கு_சீட் #படிப்பகத்தில்_ஒரு_ரிக் #கோவை